மூன்று இரும்புச்சத்துப் போத்தலும் மிஞ்சிப்போன 46 பக்கெட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் நான் கொடுப்பது மகளின் இரும்புக் குறைவுக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த மூன்று போத்தல்களிலும் விலை குறைந்த, மணம் சகிக்காத, சட்டையில் பட்டால் போகவே போகாத ஃபெரஸ் சல்பேட் சொட்டு மருந்துக்குத்தான். சொக்லட் மணத்தோடு வந்த விலை கூடிய முதல் போத்தலுக்கு மூன்று. இரண்டாவது போத்தலுக்கு எத்தனை கொடுப்பதென்று தெரியவில்லை, பிழை மருந்தில் இல்லை, அதை மாற்றித் தந்த பார்மசியிலும் லேபலை வாசிக்காமல் கொடுத்த என்னிலும்தான். கிளினிக்கில் காசில்லாமல் தந்த பொடிப் பக்கெட்டுக்கு ஐந்தும் கொடுத்திருப்பேன், அதை நாங்கள் ஒழுங்காகப் பிள்ளைக்குக் கொடுத்திருந்தால்.

நான் டொக்டர் இல்லை, மருந்துக்கடையில் வேலை செய்பவனும் இல்லை. திருகோணமலை டவுனுக்குள் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன். மனைவி கிண்ணியாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார், விடிய பஸ் ஏறினால் பின்னேரம்தான் வீடு. மகளைப் பகல் முழுக்கப் பார்ப்பது மாமி. ஆகவே இரவில் மருந்து கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது, ஆறு மாதத்துக்கு மேல் கொடுத்தேன், அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மகளுக்கு அப்போது பதினொரு மாதம். பிள்ளை வெள்ளையாக இருக்கிறாள் என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள், எங்களுக்கும் உள்ளூரப் பெருமைதான், பொய் சொல்லக் கூடாது. கிளினிக்கில் நிறை பார்க்கக் கொண்டுபோன அன்று மிட்வைஃப் மிஸ் தராசில் வைக்கிறதுக்கு முன்னமே பிள்ளையின் கீழ்க் கண்ணிமையை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை விரித்து, தன்னுடைய கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கேட்டார், "ஆறு மாதத்தில தந்த பக்கெட் எல்லாம் முடிஞ்சுதா?" என்று. மனைவி என்னைப் பார்த்தார், நான் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தேன்.

அந்தப் பக்கெட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் பாதி வீட்டில் அது அலுமாரிக்குள்தான் கிடக்கிறது என்று நினைக்கிறேன். சின்னச் சின்னப் பக்கெட், உள்ளே ஒரு கிராம் அளவில் பொடி, இரும்பு, சிங்க், விற்றமின் எல்லாம் சேர்த்தது. ஒரு நாளைக்கு ஒன்று, அறுபது நாளைக்கு அறுபது. சோற்றையோ மசித்த கிழங்கையோ பிள்ளை சாப்பிடுகிற சூட்டுக்கு ஆறவிட்டு, முதல் நாலைந்து வாய்க்குக் காணும் அளவை ஒரு ஓரத்தில் எடுத்து, அதற்குள் போட்டுக் குழைத்து, அரை மணித்தியாலத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். கொதிக்கிற சாப்பாட்டில் போட்டாலோ நேரம் கடந்தாலோ நிறமும் ருசியும் மாறும். நாங்கள் செய்தது என்னவென்றால், கஞ்சி அடுப்பில் இருக்கும்போதே ஒரு பக்கெட்டை முழுப் பானைக்குள் கொட்டியது. கஞ்சி சாம்பல் நிறமாகிவிட்டது, பிள்ளை துப்பியது, மாமி "இது என்ன சிமெந்துக் கலவையா" என்று கேட்டார், பதினாலு பக்கெட்டோடு கதை முடிந்தது. மிச்சம் 46. ஷோகேஸ் லாச்சிக்குள் எண்ணிப் பார்த்தேன்.

பிழை பக்கெட்டில் இல்லை. ஆனால் ஒன்று விளங்கிக்கொள்ளுங்கள், பக்கெட் இரும்புக் குறைவு வருமுன் காக்கிற சாமான். வந்த பிறகு அது காணாது. அன்றைக்கே வீட்டுக்குப் போய் 46 பக்கெட்டையும் கொடுத்துத் தீர்த்துவிடுவோம் என்று நான் சொன்னதற்கு மிஸ் சிரித்துவிட்டு, முதலில் இரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று துண்டு எழுதித் தந்தார்.

ஹீமோகுளோபின், அதாவது இரத்தத்தில் இரும்பைக் கொண்டு உருவாகிற சிவப்புச் சத்து, 8.7. இந்த வயதுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு நெடுங்காலமாக 11, 2024 இல் ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அதை 10.5 என்று குறைத்தார்கள். எப்படிப் பார்த்தாலும் என் மகள் கீழேதான். ஃபெரிட்டின் என்று இன்னொரு ரெஸ்ட், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது, 12 க்குக் குறைந்தால் சேமிப்புத் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், மகளுக்கு 6. பேங்க் புத்தகத்தில் ஆறு ரூபாய் கிடக்கிற மாதிரி.

காசு கட்டிச் சனல் பண்ணிப் பார்த்த குழந்தை நிபுணர் ஆறுதலாகக் கதைக்கிறவர், அதற்கே தனி நட்சத்திரம் கொடுக்கலாம். தாயின் வயிற்றில் கடைசி மாதங்களில்தான் பிள்ளை இரும்பைச் சேர்த்துக்கொள்கிறதாம், நிறைமாதத்தில் நல்ல நிறையோடு பிறந்த பிள்ளைக்கு அந்தச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதம் வரை காணும். மகள் பிறக்கும்போது 2.3 கிலோ, இரண்டரைக்குக் கீழே. கையிருப்புக் குறைவாகத்தான் வந்திருக்கிறாள். தாய்ப்பாலில் இருக்கிற இரும்பு நன்றாக உடம்பில் சேரும், ஆனால் அளவு மிகக் கொஞ்சம், ஆகவே ஆறு மாதத்துக்குப் பிறகு சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஏழு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதம் வரையான பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 11 மி.கி. இரும்பு தேவை என்று அமெரிக்கக் கணக்கு ஒன்று இருக்கிறது. வளர்ந்த ஆம்பிளைக்கு, அதாவது எனக்கு, 8 தான். எட்டுக் கிலோப் பிள்ளைக்கு எண்பது கிலோ அப்பனை விடக் கூடத் தேவை என்று கேட்டபோது நான் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தேன். நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்தது தண்ணியாகக் கரைத்த அரிசிக் கஞ்சி, மாரி பிஸ்கட், பால்மா. அதோடு மாமி எங்களுக்குத் தெரியாமல் கொடுத்த பிளேன்ரீ. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி போத்தல்கள்.

முதல் போத்தல் இரும்பு பொலிமால்டோஸ், அதாவது இரும்பை ஒரு வகைச் சர்க்கரையோடு சேர்த்துச் செய்த சொட்டு மருந்து, 30 மி.லீ. அழகான பெட்டி, உள்ளே அளவு போட்ட ட்ரொப்பர், கடும் கபில நிறம், மூடியைத் திறந்தால் சொக்லட் மணம். பிள்ளை சப்புக்கொட்டிக் குடித்தது, இன்னும் கேட்டது. இந்த வகையின் நல்ல பக்கத்தை மறைக்கத் தேவையில்லை: பல்லில் கறை படாது, சாப்பாட்டோடு சேர்த்தே கொடுக்கலாம், வயிறும் அவ்வளவு குழம்பாது. ஒரு மி.லீ. இல் 50 மி.கி. இரும்பு. மகளுக்கு எட்டுக் கிலோ, கிலோவுக்கு 3 மி.கி. என்று கணக்குப் பார்த்து டொக்டர் எழுதியது ஒரு நாளைக்கு அரை மி.லீ. கெட்ட பக்கம் விலை, இன்னொன்று கண்ணாடிப் போத்தல். ஒன்பதாம் நாள் இரவு கரண்ட் போய் இருட்டில் தடவும்போது கையிலிருந்து நழுவி மாபிள் தரையில் விழுந்து உடைந்தது. வீடு முழுக்கச் சொக்லட் மணம், நான் மட்டும் துணியும் வாளியுமாக.

அடுத்த நாள் வேலை முடிந்து போகும் வழியில் ஒரு பார்மசிக்குள் ஏறினேன். பெயர் சொல்லப் போவதில்லை, கூட்டமான நேரம், நின்ற தம்பி கெட்டவரும் இல்லை. சொட்டு மருந்து முடிந்துவிட்டது, இதே கொம்பனியின் சிரப் இருக்கிறது, "அதே மருந்துதான் அண்ணை" என்றார். துண்டில் இருந்ததைப் பார்த்து போத்தலில் 0.5 மி.லீ. என்று பேனையால் எழுதி ஒட்டியும் தந்தார். அதே மருந்துதான், பொய்யில்லை. ஆனால் சொட்டில் 1 மி.லீ. இல் 50 மி.கி., சிரப்பில் 5 மி.லீ. இல்தான் 50 மி.கி. நான் ஹாட்வெயார்க்காரன், தின்னர் கலக்காத பெயின்டுக்கும் கலந்த பெயின்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவன், இது மட்டும் தலைக்குள் ஏறவில்லை. நாலு கிழமையாக ஒரு நாள் தவறாமல் மணி பார்த்து அரை மி.லீ. கொடுத்தேன், அதாவது 25 மி.கி. கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு 5 மி.கி.

திரும்ப இரத்தம் எடுத்தால் 8.9.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு தரம் அந்தச் சின்னக் கையில் ஊசி குத்தி நரம்பு தேடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாமி, "இது மருந்தால மாறாது தம்பி, பூச்சிக்குக் குடுங்கோ" என்றார், பூச்சி மருந்து கிளினிக்கில் ஒன்றரை வயதில்தான் தொடங்குவார்கள் என்பதைச் சொன்னால் அது அந்தக் காலத்தில் இல்லாத சட்டம் என்றார். டொக்டர் ஒரு வார்த்தையும் பேசாமல் ரிப்போர்ட்டைப் பார்த்தார், பிறகு "போத்தலைக் கொண்டுவந்தீங்களா?" என்று கேட்டார். நல்ல வேளை மனைவியின் கைப்பைக்குள் இருந்தது. லேபலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் அந்த 50 க்குப் பக்கத்தில் இருந்த "5 மி.லீ." என்ற சின்ன எழுத்தைத் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான். எனக்கு எங்கே முகத்தை வைப்பதென்று தெரியவில்லை.

அவர் ஏசவில்லை. மாறி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் சொன்னார்: சிரப்பில் கொடுக்க வேண்டிய இரண்டரை மி.லீ. ஐச் சொட்டு மருந்தில் கொடுத்திருந்தால் ஒவ்வொரு நாளும் ஐந்து மடங்கு போயிருக்கும். ஆகவே கடையில் போத்தலை மாற்றித் தந்தால், மாற்றினது பிழையில்லை, ஆனால் மி.லீ. ஐக் கேட்காதீர்கள், "எத்தனை மி.லீ. இல் எத்தனை மி.கி. இரும்பு?" என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் காசைக் கொடுக்காமல் வெளியே வாருங்கள். இதை மட்டும் வாசித்துவிட்டு மிச்சத்தை விட்டாலும் எனக்குச் சம்மதம்.

மூன்றாவது போத்தல்தான் ஃபெரஸ் சல்பேட் சொட்டு. டொக்டர் மருந்து வகையையே மாற்றினார், ஏனென்று கேட்டதற்கு, பழைய மருந்து, மலிவு, வேலை செய்கிறதென்று நன்றாகத் தெரிந்தது என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். 2017 இல் அமெரிக்காவில் ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையான 80 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள், எல்லாருக்கும் இரும்புக் குறைவால் வந்த குருதிச்சோகை. பாதிப் பேருக்கு ஃபெரஸ் சல்பேட், பாதிப் பேருக்கு இரும்பைச் சர்க்கரைச் சங்கிலிக்குள் பொதிந்த மருந்து, இரண்டும் ஒரே அளவு இரும்பு, ஒரு நாளைக்கு ஒரு தரம். பன்னிரண்டு வாரத்தில் முதல் கூட்டம் 7.9 இலிருந்து 11.9 க்கு வந்தது, மற்றது 7.7 இலிருந்து 11.1. இரண்டுமே ஏறியிருக்கிறது, ஃபெரஸ் கொடுத்தவர்களுக்குத்தான் கூடுதலாக ஏறியிருக்கிறது. அவர்கள் பாவித்தது எங்கள் முதல் போத்தல் மருந்து அல்ல, அந்தக் குடும்பத்து மருந்து, ஆகவே சொக்லட் போத்தல் கூடாதென்று நான் சொல்லவில்லை. விலை கூடியது நல்லது, ருசியானது நல்லது என்று நாங்கள் நினைத்த கணக்குத்தான் பிழை.

இந்தப் போத்தலில் இரண்டு எண் இருக்கும், கவனமாகப் பாருங்கள். ஒரு மி.லீ. இல் ஃபெரஸ் சல்பேட் 75 மி.கி., அதற்குக் கீழே இரும்பு 15 மி.கி. முதல் எண் உப்பின் நிறை, இரண்டாவதுதான் உள்ளே இருக்கிற இரும்பு, டொக்டர் கணக்குப் பார்ப்பது அதை வைத்துத்தான். ஃபெரஸ் சல்பேட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் இரும்பு, ஃபியூமரேட் என்றால் மூன்றில் ஒரு பங்கு, குளுக்கோனேட் என்றால் எட்டில் ஒன்றுக்குக் கிட்ட. மகளுக்கு 24 மி.கி. என்றால் 1.6 மி.லீ. உங்கள் பிள்ளைக்கு அதே அளவைக் கொடுக்காதீர்கள், நிறை வேறு, போத்தல் வேறு, எழுதித் தருகிறவரிடம் கேளுங்கள்.

ருசி? நானே ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன். மழையில் நனைந்த துருப்பிடித்த ஆணியை வாயில் வைத்த மாதிரி இருந்தது, அதற்கு மேலே கொஞ்சம் சீனி. முதல் இரவு பிள்ளை துப்பியது, என் வெள்ளை பெனியனில் கபில நிறத்தில் ஒரு பெரிய பொட்டு, எலுமிச்சம்புளி, சவர்க்காரம், வெயில் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, இன்றைக்கும் இருக்கிறது. அதுக்கென்றே ஒரு பழைய சாரத்துண்டு வைத்துக்கொண்டோம்.

ஒரு கிழமையில் பழக்கம் பிடிபட்டது. பிள்ளையைப் படுக்கவைக்காமல் மடியில் சாய்த்து இருத்துவேன், இடது கைக்குள் தலை. ட்ரொப்பரை நேரே தொண்டைக்குள் விடக் கூடாது, புரைக்கேறிவிடும். கீழ் முரசுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு பை மாதிரி இடம் இருக்கிறதல்லவா, அதற்குள் உள்பக்கமாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, நாலு தரமாக விடுவேன். ஒவ்வொரு தரமும் அவள் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன், தொண்டைக்குள் ஒரு சின்ன அசைவு தெரியும். முடிந்ததும் இரண்டு மிடறு தண்ணீர், ஈரத் துணியால் முன்னால் முளைத்த நாலு பல்லையும் துடைப்பது. ஒரு நாள் சோம்பலில் விட்டுவிட்டேன், இரண்டு நாளில் பல்லின் ஓரத்தில் கரிக்கோடு. "பிள்ளை வெற்றிலை போடுகிறாளா" என்று மனைவி கேட்டார். துடைக்கத் துடைக்கப் போய்விடும், அது மேலே படிகிற கறை.

அடுத்த திடுக்கிடல் பம்பர்ஸில். மலம் கறுப்பு, பச்சை கலந்த கறுப்பு. மாமி அலறிய அலறலில் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். உடம்பு எடுக்காத இரும்பு அப்படித்தான் வெளியே வரும், பயப்பட ஒன்றும் இல்லை. தார் மாதிரி ஒட்டினாலோ சிவப்புத் தெரிந்தாலோ அது வேறு, அதைக் காட்ட வேண்டும். கொஞ்சம் வயிறு இறுகியது, பப்பாளிப்பழம் சரிப்படுத்தியது. முதல் கிழமை இரண்டு தரம் சத்தி எடுத்தாள். வெறும் வயிற்றில் கொடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும் என்பது உண்மை, ஆனால் சத்தியில் போனால் எதில் சேருவது, ஆகவே இராச்சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கழித்து, நித்திரைக்கு முன்னால், ஒரு கரண்டி தோடம்பழச் சாற்றோடு என்று வைத்துக்கொண்டோம். விற்றமின் சி இருந்தால் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும். பால் போத்தலுக்குள் கலந்து கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். பாலில் இருக்கும் கல்சியம் இரும்பைத் தடுக்கும், பிள்ளை பாதியில் விட்டால் மருந்தும் பாதிதான்.

பாலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த விமர்சனம் அரைகுறை. நல்ல மருந்து கொடுத்தும் ஏறவில்லை என்று எழுதுகிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் பிள்ளை நாள் முழுக்கப் பால் போத்தலோடு திரிகிறதோ தெரியாது. ஒரு வயதுக்கு முன் பசுப்பாலோ சாதாரண பால்மாவோ முக்கிய பாலாகக் கொடுக்கவே கூடாதாம், தாய்ப்பால்தான், அது இல்லையென்றால் அந்த வயதுக்கென்று செய்த மா. பாலில் இரும்பு இல்லாத குறை, வயிற்றை நிரப்பிச் சாப்பாட்டைத் தள்ளிவிடும், சின்னப் பிள்ளையின் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசியவும் வைக்கும். ஒரு வயதுக்குப் பிறகும் ஒரு நாளைக்கு அரை லீற்றருக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார் டொக்டர். எங்கள் வீட்டில் தாய் வேலைக்குப் போன பிறகு பகலில் நாலு போத்தல் பால்மா போயிருக்கிறது, அது எங்களுக்குப் பெருமையாக வேறு இருந்தது, எவ்வளவு விலை பால்மா!

பிளேன்ரீக் கதை. பின்னேரம் மாமி தன் கோப்பையில் மாரி பிஸ்கட்டைத் தோய்த்து பிள்ளையின் வாயில் வைப்பார், எங்கள் ஊரில் இது செய்யாத அம்மம்மா உண்டா? தேயிலையில் இருக்கும் சாயச்சத்து சாப்பாட்டு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நான் சொன்னால் மாமி கேட்க மாட்டார் என்று தெரியும், ஆகவே மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்த அன்று அவர் வாயாலேயே சொல்லவைத்தேன். "அம்மா, நீங்க குடியுங்கோ, பிள்ளைக்கு மட்டும் வேண்டாம்." மாமி ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு அவரே சாப்பாட்டுப் பக்கம் பொறுப்பெடுத்தார், எடுத்தால் அவரை மிஞ்ச ஆளில்லை.

முருங்கை இலைதான் இரும்பு என்று எல்லாரும் சொல்வார்கள். இருக்கிறது, 100 கிராம் இலையில் 4 மி.கி. அளவில், ஆனால் பதினொரு மாதப் பிள்ளை 100 கிராம் முருங்கை இலை சாப்பிடுமா? இலையில் இருக்கிற இரும்பில் உடம்பு எடுப்பதும் கொஞ்சம்தான், இறைச்சி, மீனில் இருப்பது அதை விட நன்றாகச் சேரும், அதோடு பக்கத்தில் இருக்கிற இலையின் இரும்பையும் இழுத்துக்கொண்டு போகும். மாமி செய்தது கோழி ஈரல், அவித்து, கையால் மசித்து, சோறும் பருப்பும் கீரையும் சேர்த்துக் குழைத்து, கடைசியில் இரண்டு சொட்டு தேசிக்காய். அவித்த கோழி ஈரல் 100 கிராமில் இரும்பு 11 மி.கி. க்கு மேல். கிழமைக்கு ஒரு நாள் போதும், ஈரலில் விற்றமின் ஏ மிகக் கூட. மற்ற நாளில் முள் எடுத்த மீன், ஒரு நாள் கிண்ணியாவில் இருந்து மனைவி வாங்கிவந்த மட்டிச் சதை, நன்றாக அவித்து அரைத்து. மட்டிக்கு மட்டும் மணலைக் கழுவ வேண்டும், கழுவக் கழுவ வரும், மூன்றாம் தண்ணீரிலும் வரும், மாமி அன்றைக்கு ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. தயிர் பிடித்த பிள்ளைக்குத் தயிரைத் தனி நேரத்துக்கு மாற்றினோம்.

சரியான அளவு கொடுத்த நாலாம் கிழமை 10.1. ஒரு மாதத்தில் ஒன்றாவது ஏறினால் மருந்து வேலை செய்கிறது என்று கணக்காம். மூன்றாம் மாதம் 11.8. அத்தோடு நிறுத்திவிடலாம் என்று நான் சந்தோஷமாகப் போனால் டொக்டர் விடவில்லை, இப்போது இரத்தத்தில்தான் நிரம்பியிருக்கிறது, சேமிப்பு இன்னும் வெறுமை, இன்னும் இரண்டு மாதம் என்றார். எண்களை விடுங்கள், எனக்குத் தெரிந்த மாற்றம் வேறு. முன்னே கடற்கரைக்குக் கொண்டுபோனால் மடியிலேயே சுருண்டு கிடப்பாள், நாங்கள் அமைதியான பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மூன்றாம் மாதம் பிரெட்ரிக் கோட்டைக்குள் மானைக் கண்டதும் என் கையை உதறிவிட்டுத் தத்தித் தத்தி ஓடினாள், மான் பயந்து விலகியது. அமைதியான பிள்ளையே இல்லை அவள்.

நாலு நட்சத்திரம்தான், ஐந்து இல்லை, ஏனென்றால் நான் வாங்கிய போத்தலின் மூடி சாதாரண மூடி. அழுத்தித் திருப்புகிற வகை இல்லை, மூன்று வயதுப் பிள்ளை திறந்துவிடும். நாளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தால் மருந்து, ஒரேயடியாகக் குடித்தால் நஞ்சு என்பது இரும்புக்குப் பொருந்துகிற மாதிரி எதற்கும் பொருந்தாது. கிலோவுக்கு 20 மி.கி. இரும்பு போனாலே வயிறு குழம்பும், 60 க்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. சொக்லட் மணம் இருக்கிற போத்தல் இந்த விஷயத்தில் இன்னும் மோசம், பிள்ளைகளுக்கு அது மருந்தென்று தெரியாது. அண்ணன் மகன் லீவுக்கு வந்தபோது கதிரை போட்டு ஏறி மேசையில் இருந்த போத்தலைக் கையில் எடுத்துவிட்டான், மூடியில் கை வைக்கும்போதுதான் கண்டேன். அன்றிலிருந்து அலுமாரியின் மேல் தட்டு, பூட்டு. யாராவது பிள்ளை குடித்துவிட்டால் சத்தி எடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். முதலில் கொஞ்சம் சத்தி எடுத்து, பிறகு நன்றாக இருக்கிற மாதிரித் தெரிந்து, அதற்குப் பிறகு மோசமாகிற மருந்து இது.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் ஒன்று, பெட்டியைக் கடையிலேயே திறந்து ட்ரொப்பரைப் பாருங்கள். என்னுடைய ஒரு போத்தலில் அளவுக்கோடு அரைவாசி அழிந்திருந்தது, ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கினேன், அது ட்ரொப்பரை விட எவ்வளவோ மேல், 1.6 என்றால் 1.6.

மருந்து நிறுத்தி இப்போது ஒரு மாதம். கடைசிப் போத்தலில் கால்வாசி மிச்சம் இருக்கிறது. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த அதே அக்கா தன் மகனும் வெளிறிப்போய் இருக்கிறான் என்று அதைக் கேட்டார். கொடுக்கவில்லை. வெளிறினதெல்லாம் இரும்புக் குறைவு இல்லை, தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் என்றாலும் ரிப்போர்ட்டில் சின்னச் சின்னச் செல்லாகத்தான் தெரியும், அந்தப் பிள்ளைகளுக்கு இரும்பு ஏற்கெனவே உடம்பில் கூடக் கிடக்கலாம், மேலே கொட்டக் கூடாது, எங்களுக்கே ஃபெரிட்டின் பார்த்த பிறகுதான் மருந்து எழுதினார்கள் என்று சொல்லி, கிளினிக் எந்த நாள் என்றும் சொன்னேன். "ஒரு கால் போத்தல் மருந்துக்கு இவ்வளவு கதையா" என்று கேட்டுவிட்டுப் போனார், இரண்டு கிழமையாக மதில் பக்கம் வரவில்லை.